ஈ தொடாத பூ

1991 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. காலை 5.50.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்விட்டு இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த மரியஜோசப், வீட்டுக்குள் நுழைந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்தார். உள்ளே நுழைந்து, பல வருஷப் பழக்கத்தில், கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினார்.

அறைக்குள் பிணவாடை அடித்தது. மரியஜோசப் சிரித்தார்.

குண்டு பல்பைப் போட்டார். மேடைமேல் இருந்த மண்தொட்டியின் விளிம்பைத் தாண்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பூ விரிந்திருந்தது. ஐந்து முனை நட்சத்திரம். வெளிர் மஞ்சள் இதழில் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு வரிகள். ஓரமெல்லாம் கன்றுக்குட்டியின் காதில் இருப்பதுபோல் மெல்லிய ரோமம். வாடை அந்தப் பூவினுடையது. அழகுக்கும் வாடைக்கும் ஏன் இப்படி ஒரு கூட்டு வைத்தார் ஆண்டவர் என்று அவருக்கு இன்றுவரை விளங்கியதில்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகுதான் மூலையில் இருந்த டிரங்குப் பெட்டி கண்ணில் பட்டது. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கொண்டியை யாரோ நெம்பியெடுத்து, திரும்ப அமுக்கி வைத்திருந்தார்கள். விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது.

உள்ளே துணிமணி இருந்தது. செத்துப்போன மனைவியின் வளையல் இருந்தது. வேலை கார்டு இல்லை.

ஒரகடத்தை ஒட்டி வரப்போகிற பம்புத் தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஒரு வேலை என்று கம்பெனி கொடுத்த கார்டு அது. மஞ்சள் அட்டை. பட்டா எண் இருக்கும், முத்திரை இருக்கும். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. யாருக்கு வேலை என்பதைக் குடும்பமே முடிவு செய்து எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் இதைப் பெரிய நியாயமாக நினைத்தார்கள். ஊரில் எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரியஜோசப்புக்கு ஒரே மகள், லிடியா. ஐ.டி.ஐ. முடித்தவள். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பெயரை எழுதி கார்டைக் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு கார்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வேலை.

காலை 8.15.

சப்-இன்ஸ்பெக்டர் பரசுராமன் வந்தார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்களுக்கு நல்ல தூக்கம் கிடையாது. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. பின்னறை வாசலில் நின்றவரை மரியஜோசப் சட்டென்று உள்ளே இழுத்தார்.

"சீக்கிரம் வாங்க சார். கதவ சாத்தணும். ஈ வந்துரும்."

"திருட்டு போன எடத்துல ஈ வந்தா இன்னாய்யா?" என்று கேட்டுக்கொண்டே பரசுராமன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பூவைக் குனிந்து பார்த்தவர் ஒரு நிமிஷம் கேள்வியை மறந்து நின்றார். அப்புறம் வேலையைப் பார்த்தார்.

அறையில் ஒரே ஜன்னல். அதற்குக் கொசுவலைக் கம்பி அடித்திருந்தது. ஓர் ஆணிகூடப் பிடுங்கப்படவில்லை. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்து, சுற்றிலும் சிமென்ட் பூசியிருந்தது. கதவுச் சட்டம் முழுக்கக் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. திருடன் சாவி போட்டுத் திறந்துதான் வந்திருக்கிறான். பின்னறைச் சாவி எங்கே தொங்கும் என்பது தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அப்படியானால் தெருக்கதவுச் சாவி யாரிடம் இருந்தது?

இரண்டு பேரிடம் இருந்தது. மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை அப்பாவும் மகளும் கிளம்பியபோது, வீட்டுக்குக் காவலாகப் படுத்துக்கொள்ளும்படி தம்பி மகன் யாக்கோபுவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாக்கோபு படப்பையில் இருப்பவன், லாரி கிளீனர். ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை அவனுக்கு லோடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அன்புவிடம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனான். அன்று மாலையிலிருந்து இன்று விடியற்காலைவரை சாவி அன்புவின் இடுப்பில் இருந்தது.

லோடு முடிந்து இன்று காலைதான் படப்பைக்குத் திரும்பியிருந்த யாக்கோபு, சேதி கேட்டு ரெக்சின் பையும் கையுமாக ஓடி வந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான்.

"மூணு ராத்திரியும் முன் ரூம்லதான் படுத்தேன் சார். பின்னாடி ரூமத் தொறக்கவே இல்ல. பெரியப்பா தொறக்காதன்னு சொல்லிட்டாரு. நமக்கு இன்னாத்துக்கு?"

"பகல்ல?"

"பகல்லயும் வூட்லதான். தொறக்கல."

பரசுராமன் எழுதிக்கொண்டார். கடைசியாகச் சாவி வைத்திருந்தவன் அன்பு. ரப்பர் தொழிற்சாலையில், வேலை நிரந்தரமில்லாத ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதங்களில் ஒரகடத்து டீக்கடைகளில் இந்த மாதிரி கார்டு காசுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். 9.30 மணிக்கு அன்புவை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் சொன்னது ஒரே வாக்கியம்தான்: நான் கதவைத் தொடவே இல்லை.

மரியஜோசப் மட்டும் ஜீப்புக்குப் பின்னாலேயே போய், கார்டு கிடைத்தால் போதும், கேஸ் வேண்டாம், சாயங்காலம்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாலு மணிவரை பார்க்கிறேன், நாலுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவேன் என்றார் பரசுராமன்.

காலை 10.10.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் உள்ள ரப்பர் தொழிற்சாலையில் அன்புவின் அக்கா இசைவாணி, மேசை விளக்குக்குக் கீழே ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவள் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் வளையம் அவள் கையைக் கடக்கும். மற்றவர்கள் குறையுள்ள வளையத்தைத் தேடிப் பார்ப்பார்கள். அவள் நல்ல வளையம் ஒன்றை இடது உள்ளங்கையில் எப்போதும் வைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். பதினோரு வருஷமாக அவள் கையைத் தாண்டி ஒரு குறையும் போனதில்லை என்று சூப்பர்வைசர் நரசிம்மன் வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வார், அவளிடம் சொன்னதில்லை.

அவர்தான் சேதியைக் கொண்டுவந்தார். அதோடு இன்னொன்றையும் சொன்னார். அக்டோபர் ஒன்றாம் தேதி நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அன்புவின் பெயர் இருக்கிறது. போலீஸ் கேஸ் என்று ஒரு காகிதம் வந்தால் பெயர் இருக்காது. இங்கே மட்டுமில்லை, இந்த ரோட்டில் எந்த கேட்டிலும் அவனை உள்ளே விடமாட்டார்கள்.

இசைவாணி வளையத்தைக் கீழே வைத்தாள். அது கையில் இருந்தபடியே எழுந்திருந்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

காலை 11.30.

ஸ்டேஷன் பெஞ்சில் அன்பு உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயசு. அப்போது பதினைந்து வயசுபோல் இருந்தான்.

"கதவத் தொறந்தியாடா?"

"இல்லக்கா."

"நாலு நாள்ல ஒரு தபா கூட? சும்மா பாக்கலாம்னு?"

"தொறக்காதன்னு மாமா சொல்லிட்டுப் போனாருன்னு யாக்கோபு சொன்னான். தொறக்கல."

அவள் தம்பியின் முகத்தை வளையத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதில் குறை தெரியவில்லை. ஆனால் அக்காக்காரி சொன்னால் போலீஸ் ஏற்குமா?

பகல் 12.40.

வீட்டுக்கு வந்து நின்ற இசைவாணியின் முகத்தைப் பார்க்காமல் மரியஜோசப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு ரப்பர், இசைவாணியின் தொழிற்சாலையில் கழித்துக் கட்டிய ரப்பர். இரண்டு வருஷத்துக்கு முன் அன்புதான் கொண்டுவந்து, மணிக்கணக்காக உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தான். அதை இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள். யாக்கோபு முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லிடியாதான் சாவியை எடுத்து நீட்டினாள்.

"போய்ப் பாருக்கா. அன்பு எடுத்திருக்க மாட்டான். கதவ மட்டும் சாத்திக்கோ."

இசைவாணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வாடை முகத்தில் அடித்தது. பிறகு பூவைப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலேயே இருந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை. பூக்கும் நாளிலெல்லாம் அவளுக்கு ஷிஃப்ட். கண்ணாடி ஓட்டின் வழியே விழுந்த வெயில் பூவின்மேல் விழுந்து, ரோமம் ஒவ்வொன்றும் பொன் நூலாகத் தெரிந்தது. இலையில்லை, முள்ளில்லை. விரல் தடிமனில் நாலு பட்டையாக எழும்பிய வெல்வெட்டுத் தண்டுகள். பாதி மணலும் உடைத்த செங்கலும் போட்ட தொட்டி. இதற்குள்ளிருந்து இவ்வளவு பெரியது எப்படி வந்தது? தம்பி ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது வாயைப் பிளந்து நிற்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றாள். அவளால் நிற்காமல் இருக்க முடியவில்லை.

மரியஜோசப் பின்னால் வந்து கதவைச் சாத்தினார். செடியைப் பற்றிக் கேட்டால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. அது அவள் அறிந்ததுதான். கேட்டாள்.

ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்துவிட்டு வந்த ஒரு கன்னியாஸ்திரி, ஒன்பது வருஷத்துக்கு முன் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கொடுத்தாராம். நட்சத்திரக் கள்ளி என்று இவரே பெயர் வைத்துக்கொண்டார். பத்து நாளைக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர். மழை மாதத்தில் அதுவும் இல்லை. பாசம் அதிகமாகித் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். முதல் ஐந்து வருஷம் பூக்கவே இல்லை. பூத்த வருஷம் ஊரே ஏரிக்கரையில் பிணம் தேடியது.

"அதுக்குத்தான் ரூம அடைச்சீங்களா மாமா, வாடை போவக் கூடாதுன்னு?"

"ஊருக்காகத்தான்னு எல்லாருக்கும் சொல்லிக்கினு கீறேன்." அவர் குரல் தணிந்தது. "நெசம் அது இல்ல. ஈக்காக. செத்த மாமிசம்னு நெனச்சுக்கினு ஈ வந்து பூ நடுவுல முட்டை வெக்கும். குஞ்சு பொரியும். திங்க ஒண்ணும் இருக்காது. ரெண்டு நாள்ல எல்லாம் செத்துரும். தாய் ஏமாந்துட்டா பாரு. முதல் தபா பார்த்துட்டு எனக்குச் சோறு எறங்கல."

இசைவாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஈக்காக ஓர் அறையை அடைத்தவர், காலையில் அவள் தம்பியை ஜீப்பில் ஏற்ற விட்டுவிட்டார். மனிதர்கள் அப்படித்தான், அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. ஒவ்வொரு வருஷத்துப் பூவுக்கும் ஒரு வரி: மொட்டு ஊதிய நாள், மலர்ந்த நாள், வாடிய நாள். ஒவ்வொரு வரியிலும் கணக்கு ஒன்றே: ஊதிய மறுநாள் மலரும், மலர்ந்த மூன்றாம் நாள் வாடிவிடும். கடைசி வரி ஊருக்குக் கிளம்பும் அன்று எழுதியது. 'மொட்டு ஒன்று, பலூன் மாதிரி ஊதிவிட்டது, நாளை புதன் மதியம். மொட்டு இரண்டு, ஞாயிறு 8, மாதா பிறந்த நாள்.'

"அப்போ பூ ரெண்டா?"

"ரெண்டு. மொத பூவ நான் பாக்கக் குடுத்து வெக்கல."

தொட்டியின் மறுபக்கத்தில் அது கிடந்தது. காய்ந்து, மூடிய கைபோல் சுருங்கி. காலையிலிருந்து அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. விரிந்த பூ இருக்கும்போது வாடியதை யார் பார்ப்பார்கள்?

இசைவாணி குனிந்தாள். சுருங்கிய இதழை நகத்தால் விலக்கினாள். உள்ளே ரவை சிந்தியதுபோல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரிந்த பூவின் நடுவையும் பார்த்தாள். துடைத்து வைத்த தட்டுபோல் சுத்தமாக இருந்தது. ஜன்னல் திண்டில் நாலு நீல ஈக்கள் காலை மேலே தூக்கிக்கொண்டு காய்ந்து கிடந்தன.

அவள் இடது உள்ளங்கை தானாக விரிந்து மூடியது. வேலை செய்யும்போது நல்ல வளையம் இருக்கும் இடம் அது. வாடிய பூவை மறுபடி பார்த்தாள். விரிந்த பூவை மறுபடி பார்த்தாள்.

பிறகு, காலையில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று லிடியாவிடம் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

பிற்பகல் 3.15.

பின்னறை வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். பரசுராமன் பொறுமையில்லாமல் நின்றார். அரை மணி நேரம்தான் தருவேன் என்று சொல்லித்தான் வந்திருந்தார். மரியஜோசப், லிடியா, இசைவாணி. கொஞ்சம் தள்ளி, ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊருக்குக் கிளம்புகிற யாக்கோபு.

"இன்னாம்மா காட்டப் போற?"

"கதவத் தொறந்து வெக்கணும் சார். மணி மட்டும் பார்த்துக்கினு இருங்க."

மரியஜோசப் முன்னால் வந்து கதவை மறித்தார். "வேணாம் வாணி. பூ இன்னும் வாடல. முட்டை வெச்சா அத்தினியும் வீணாப் போவும்."

"என் தம்பி வீணாப் போறான் மாமா."

அவர் விலகினார். லிடியா கதவை அகலத் திறந்து வைத்தாள். மணி 3.20.

வீட்டுக்குப் பின்னால் மண்ணாங்கட்டி என்பவரின் மாட்டுக் கொட்டகை. வாடை கதவைத் தாண்டி வெளியே போய், கொல்லை வழியாகப் பரவியது. எதுவும் நடக்கவில்லை. பரசுராமன் கைக்குட்டைக்குள் பெருமூச்சு விட்டார்.

3.23-க்கு ஒரு ஈ வந்தது. நீலமாகப் பளபளத்தது. வந்தவர்கள் யாரையும் கண்டுகொள்ளாமல், நூல் கட்டி இழுத்ததுபோல் நேராகப் பூவுக்குப் போனது. 3.24-க்கு இரண்டு. 3.30-க்கு பரசுராமன் பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். இதழின் ரோமத்துக்குள் அவை நடந்தன, சுற்றின, நடுவில் போய் உட்கார்ந்தன. ஒரு பூ, வாயில்லாத பூ, அரை ஃபர்லாங் தூரத்து ஈயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறபோது பேச்சு வராது. 3.37-க்குப் பூவின் நடுவில் வெள்ளையாக ஒரு கொத்து இருந்தது. ரவை சிந்தியதுபோல்.

இசைவாணி வாடிய பூவை விலக்கிக் காட்டினாள். உள்ளேயும் அதுவே, காய்ந்துபோய்.

"இது மொத பூ சார். புதன்கிழமை மலர்ந்திச்சு, மூணாம் நாள் வெள்ளிக்கிழமை மூடிப்போச்சு. செவுத்துல பாருங்க, ஒவ்வொரு பூவும் அப்பிடித்தான். இதுல முட்டை கீது. மூடுறதுக்கு முன்னாடி வெச்சது. ஈ பகல்லதான் பறக்கும். அப்போ புதனோ வியாழனோ வெள்ளியோ, பகல்ல, இந்தக் கதவு தொறந்து இருந்திச்சு. அந்த மூணு நாளும் சாவி என் தம்பிகிட்ட இல்ல."

எல்லாரும் யாக்கோபுவைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

"இன்னாக்கா இது? ஈ ஓட்டைல நொழைஞ்சிருக்கும். ரப்பர் பிஞ்சிருக்கும். ஜன்னல் வலையில சந்து இருக்கும். ஈய வெச்சு என்னைப் புடிக்கிறியா?"

பரசுராமனுக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் அவளைப் பார்த்தார். அவள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள்.

"வாடின பூவ வுடுங்க சார். காலைல எல்லாரும் மூக்கப் பொத்திக்கினு பார்த்தீங்களே, அந்த நல்ல பூவப் பாருங்க. ஞாயித்துக்கெழம மலர்ந்தது. மூணு நாளா விரிஞ்சு கெடக்குது. இப்போ கதவத் தொறந்த மூணு நிமிசத்துல ஈ வருது. அதுக்கு முன்னாடி அதுல ஒரு முட்டை இருந்திச்சா?"

பரசுராமன் யோசித்தார். காலையில் அதன் நடுவைக் குனிந்து பார்த்தவர் அவர். "இல்ல," என்றார்.

"சந்து இருந்தா ரெண்டு பூவுக்கும்தான சந்து? ஒண்ணுல முட்டை, ஒண்ணுல இல்ல. ரூம்ல ஓட்டை இல்ல சார். மொத பூவுக்கு மட்டும் எவனோ கதவத் தொறந்தான். அன்னிக்கு உள்ள மாட்டின ஈ நாலும் தண்ணியில்லாம அங்க ஜன்னல்ல செத்துக் கெடக்குது. ரெண்டாவது பூ மலர்றப்போ அதுங்க உசுரோட இல்ல."

"அன்பு சனிக்கிழமை தொறந்திருக்கலாமே? இல்ல, ராத்திரியில?" பரசுராமன் விடவில்லை. நல்ல போலீஸ்காரர்தான்; தூக்கம் மட்டும் போதவில்லை.

"தொறந்திருக்கலாம் சார். அதுக்கு இந்தப் பூ சாட்சி சொல்லாது. ஆனா தொறந்தது நெசம்னு தெரிஞ்ச ஒருத்தன், தொறக்கலன்னு உங்க நோட்டுல எழுத வெச்சுக்கிறான். அவன் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

பரசுராமன் யாக்கோபு பக்கம் திரும்பினார். யாக்கோபு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் குரல் மாறியிருந்தது.

"சரி சார். தொறந்தேன். வியாழக்கிழம. எலி செத்த வாடை அடிச்சிச்சு. உள்ள கெடக்குதோன்னு தொறந்து, கொஞ்ச நேரம் காத்தாட வுட்டேன். பெரியப்பா திட்டுவாருன்னு சொல்லல. வேற ஒண்ணும் இல்ல."

அவன் சொன்னதில் பாதி உண்மை. படப்பையில் இருந்தவன் அந்தப் பூ மலர்ந்து பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் அப்படி ஒரு வாடை வந்தால் யாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்: கதவைத் திறந்து போட்டு, எலியைத் தேடினான். பூ அவன் கண்ணெதிரில் இருந்தது. பூ நாறும் என்று யாருக்குத் தோன்றும்?

"காத்தாட வுட்டது சரி," என்றாள் இசைவாணி. "வாடை எங்க அடிச்சிச்சு யாக்கோபு?"

"முன் ரூம்ல. படுத்துக்கினு இருக்கச்சே."

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். ஐந்து பேரும் வெளியே நின்றார்கள். கொல்லைக் காற்று வீச வீச வாடை கலைந்தது. இரண்டு நிமிஷம் கழித்துப் பரசுராமன் கைக்குட்டையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்தார். சாத்திய கதவுக்குப் பக்கத்தில் போய் மறுபடி இழுத்தார். மாட்டுக் கொட்டகை வாசம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"இந்த ரப்பர் எங்க ஃபேக்டரி ரப்பர். தம்பி ஒட்டினது. சாத்தின கதவுக்கு வெளிய வாடை வராது. மூணு நாளா பக்கத்து வூட்ல நானே கீறேன், எனக்கே தெரியல. தொறந்தப்புறம்தான் உனக்கு வாடை வந்திச்சு. வாடைக்காகத் தொறக்கல. பின்ன எதுக்குத் தொறந்த?"

யாக்கோபுவின் கை தோளில் இருந்த பையை உடம்போடு அணைத்துக்கொண்டது. அவ்வளவு போதும் பரசுராமனுக்கு. பையை வாங்கிக் கவிழ்த்தார். லுங்கி, துண்டு, சோப்புப் பெட்டி விழுந்தன. பையின் அடியில் விறைப்புக்காக வைத்திருந்த அட்டையை உருவினார். அதன் கீழே மஞ்சளாக இன்னோர் அட்டை இருந்தது. பெயர் எழுதும் இடம் இன்னும் காலி.

"ஆம்பளப் புள்ள நான் ஒருத்தன் இருக்கச்சே," என்று யாக்கோபு பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னான். "எங்க தாத்தா நெலமும்தான் அது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

மரியஜோசப் கேட்கவில்லைதான். ஆனால் அதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்க நினைத்தார். பழி போட்டதில் தன் கையும் இருந்தது நினைவுக்கு வந்து, கார்டை மட்டும் வாங்கி லிடியாவிடம் கொடுத்தார்.

மாலை 5.05.

அன்பு நடந்தே வந்தான். ஜீப்பில் கொண்டுவிடுகிறேன் என்று பரசுராமன் சொன்னாராம். ஜீப்பில் இறங்கினால் தெருவே பார்க்கும் என்று வேண்டாம் என்றிருக்கிறான். மரியஜோசப் வாசலுக்கு வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வரவில்லை. உள்ளே போய்க் கத்தியை எடுத்து, செடியில் நல்ல தண்டாக ஒன்றை அறுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் யாருக்கும் துண்டு கொடுத்ததில்லை.

"ஒடனே நட்டுராத. நாலு நாள் நெழல்ல கெடக்கட்டும். வெட்டின காயம் காயணும். பச்சைக் காயத்தோட மண்ணுல வெச்சா அழுவிரும்."

அன்பு அதை வாங்கிக்கொண்டான். வெல்வெட்டாக இருந்த தண்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"மாமா, அந்தப் பூவ நான் பாக்கலாமா?"

இசைவாணி நிமிர்ந்தாள். லிடியாவும் நிமிர்ந்தாள். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நாலு நாள் அந்த வீட்டுச் சாவி இவன் இடுப்பில் இருந்திருக்கிறது. பத்தடியில் ஒரு கதவு. பதினோரு வருஷம் நல்ல வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்த இசைவாணி, தன் இடது உள்ளங்கையைத் தம்பியின் தோளில் வைத்தாள்.

மரியஜோசப் முன்னால் போய்ப் பின்னறையைத் திறந்தார். அன்பு பழக்கமாகக் கதவைச் சாத்தப் போனான்.

"இருக்கட்டும்பா," என்றார் அவர். "தொறந்தே கெடக்கட்டும்."

சாயங்கால வெயில் கண்ணாடி ஓட்டில் சாய்ந்திருந்தது. ஈக்கள் போயிருந்தன, பூ மட்டும் விரிந்திருந்தது. அன்பு மூக்கைப் பொத்தவில்லை. தண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பூவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.